சுடுதண்ணிக் குழாயின் கைப்பிடி கழலவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

போர்தண்ணி_வாசி
மேடவாக்கத்தில் ஃபிளாட், கட்டி 14 வருடம் ஆகிறது. பாத்ரூம் சுவரில் இருக்கும் மிக்ஸரில், அதாவது சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலந்து வரும் குழாயில், சுடுதண்ணிப் பக்கம் இரண்டு மாதமாக ஒழுகுகிறது, முதலில் சொட்டுச் சொட்டாக, இப்போது நூல் பிடித்த மாதிரி. கீசர் போட்டால் காசு கொடுத்துச் சுட வைத்த தண்ணி பாதி வாளிக்குள் தானாகவே இறங்குகிறது. கரண்ட் பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. வாஷர் தேய்ந்திருக்கும், நாமே மாற்றிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கைப்பிடி நடுவில் இருந்த சிவப்பு பட்டனை நெம்பி எடுத்தாயிற்று, உள்ளே இருந்த ஸ்க்ரூவும் வந்துவிட்டது. அதற்கு மேல் கைப்பிடி ஒரு நூல்கூட நகரவில்லை.

தேங்காய் எண்ணெய் விட்டேன். கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்ததில் ஓரத்தில் குரோம் உரிந்து திட்டாகிவிட்டது. சுத்தியலை எடுத்தபோது மாமனார் வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், இன்னும் திருப்பித் தரவில்லை. வந்து பார்த்த பிளம்பர் மிக்ஸரையே மாற்ற வேண்டும், டைல்ஸ் உடைக்க வேண்டியிருக்கும் என்கிறார். ஒரு வாஷருக்காக டைல்ஸை உடைப்பதா? யாராவது இதைக் கழற்றியிருக்கிறீர்களா?

பட்டறைக்காரன்
கோவையிலிருந்து எழுதுகிறேன். நான் பிளம்பர் இல்லை, லேத் பட்டறை. ஆனால் ஒன்றில் ஒன்று இறுகிப்போனதைப் பிரிப்பதுதான் எங்களுக்குப் பாதி நாள் வேலை.

முதலில் டைல்ஸ் கதையை விட்டுவிடுங்கள். சுவருக்கு வெளியே தெரிகிற மிக்ஸர் இரண்டு கால்களில் நிற்கிறது, காலுக்கும் காலுக்கும் நடு மையம் பெரும்பாலும் 150 மில்லி, அதாவது பழைய கணக்கில் 6 இஞ்ச். ஒன்றிரண்டு மில்லி கூடக் குறைய இருந்தாலும் காலைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு பெரிய நட்டைக் கழற்றினால் முழு மிக்ஸரும் கையில் வந்துவிடும். சுவருக்குள் புதைத்த வகையாக இருந்தால்தான் உடைக்கிற பேச்சே வரும்.

இப்போது கைப்பிடி ஏன் வரவில்லை என்று பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்து திரும்புகிற தண்டு, பித்தளை, அதன் தலையில் பல் பல்லாக வெட்டியிருக்கும், கைப்பிடி அந்தப் பல்லில் உட்காருகிறது. கைப்பிடி பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் பல மாடல்களில் அது துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி மேலே குரோம் பூசியதுதான். பித்தளையும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணி நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி செல் மாதிரி. அதில் துத்தநாகம்தான் அரிக்கும், அரித்த பொடி பல் இடுக்கில் போய் சிமெண்ட் போட்டது போல இறுகிக்கொள்ளும். அதோடு தண்ணியில் இருக்கும் சுண்ணாம்பு வேறு. சூடு பட்டால் சுண்ணாம்பு அதிகமாகப் படியும் என்பதால் சுடுதண்ணிப் பக்கம் முதலில் மாட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

அந்த ஸ்க்ரூ ஓட்டைக்குள் ஐந்தாறு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அப்படியானால் வினிகரில் நனைத்த துணியைக் கைப்பிடிக்கு அடியில் சுற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவிவிடுங்கள், ராத்திரி முழுக்க விட்டால் குரோமும் மங்கும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள், அது குரோமைத் தின்றுவிட்டுப் பித்தளையிலும் கை வைக்கும். நுரை வராவிட்டால் அரிப்புதான் காரணம், அதற்கு டபிள்யூ.டி. 40 அடித்து ஒரு ராத்திரி விடலாம். அந்தப் பெயருக்கே ‘தண்ணியை விலக்கும் 40ஆவது கலவை’ என்றுதான் அர்த்தம், இறுகியதைப் பிரிக்கவென்று செய்த எண்ணெய் இல்லை, ஆனாலும் தேங்காய் எண்ணெயைவிட இடுக்கில் இறங்கும். தேங்காய் எண்ணெய் தலைக்கு.

அப்புறம் சூடு. பித்தளையைவிடத் துத்தநாகம் சூட்டில் கூடுதலாக விரியும். கொதிக்கிற தண்ணியில் முக்கிய துணியைக் கைப்பிடியில் சுற்றி இரண்டு நிமிடம் வைத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் இது வேண்டாம், கோணிப்போகும்.

கொங்கு_ராஜி
பட்டறைக்காரன் அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன், இது நான் பட்டது. ஈரோட்டில் வாடகை வீட்டில் இருந்தபோது இதே மாதிரி ஒரு கைப்பிடியை எங்கள் வீட்டுக்காரர் பைப் ரெஞ்சு போட்டுத் திருகினார். கைப்பிடி திரும்பியது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். பார்த்தால் திரும்பியது கைப்பிடி இல்லை, மொத்தக் குழாயும் சுவருக்குள் இருந்த எல்போவோடு, அதான் பைப் வளைகிற இணைப்பு, அதோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. வெளியே ஒரு சொட்டுகூட இல்லை. பத்து நாள் கழித்துக் கீழ்வீட்டு அக்கா வந்து தங்கள் சீலிங்கில் ஈரம் ஓதம் ஏறுகிறது என்று சொன்னபோதுதான் தெரிந்தது. ஆக, டைல்ஸ் உடைக்காமல் தப்பிக்கப் பார்த்தவர்கள் கடைசியில் டைல்ஸும் உடைத்து, கீழ்வீட்டுக்குப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தோம்.

இப்போது பெரும்பாலும் சுவருக்குள் சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப்தானே, இரும்பு இல்லை. பக்கவாட்டில் அடிப்பது, நெம்புவது, முறுக்குவது எதுவும் வேண்டாம். விசை நேராக வெளியே வரணும். உங்கள் மாமனாருக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள், அவர் செய்தது நல்ல காரியம்.

இன்னொன்று, மொட்டைமாடித் தொட்டியின் கேட் வால்வை இப்போதே மூடிப் பாருங்கள். வருஷக்கணக்காகத் தொடாத வால்வு என்றால் அதுவும் இறுகியிருக்கும், ஸ்பிண்டிலைக் கழற்றிய பிறகு அது தெரிந்து பிரயோஜனமில்லை. கீசர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். தரையில் இருக்கும் ஜாலி மேல் ஒரு பழைய துணி, இல்லையென்றால் ஸ்க்ரூ அதற்குள்தான் போய் விழும், வேறு எங்கும் விழாது.

கிணற்றடி
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் நிலமே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணியில், தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தில் ஒரு மாதத்தில் உள்ளுக்குள் வெள்ளை பூசிவிடும், ஆகையால் இறுகின பைப், நீங்கள் குழாய் என்கிறது, எங்களுக்குப் புதிதில்லை. எங்கட அப்பா செய்கிற முறை ஒன்று இருக்கிறது. பழைய வகைப் பைப்பில் கைபிடிக்குக் கீழே மணி போல ஒரு மூடி இருக்கும். கைபிடி ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, பைப்பை முழுதாகத் திறவுங்கோ. அந்த மூடியைக் கையால் திருகி மேலே தூக்கி, மூடிக்கும் பைப் உடம்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே அளவு மரத்துண்டை வையுங்கோ, உடுப்புக் காயப்போடுகிற மரக் கிளிப்பும் காணும். இப்போது பைப்பை மெதுவாக மூடுங்கோ. ஸ்பிண்டில் கீழே இறங்கப் பார்க்கும், கைபிடி இறங்க ஏலாமல் மூடியில் முட்டி நிற்கும், அப்படியே பல்லிலிருந்து விட்டுவிடும். சுத்தியலும் இல்லை, ரெஞ்சும் இல்லை, பைப் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும்.

திருகும்போது கைபிடி மேலே கீழே ஏறி இறங்குகிற வகைக்குத்தான் இது சரிவரும்.

போர்தண்ணி_வாசி
எல்லோருக்கும் நன்றி. வினிகர் விட்டதும் சோடா மாதிரி நுரைத்தது, இரண்டு தடவை ஊறவைத்தேன், கொதிதண்ணித் துணியும் சுற்றினேன். இப்போது கைப்பிடி லேசாக ஆடுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. கிணற்றடி சொன்னதை ஆசையாகப் போய்ப் பார்த்தேன், என்னுடையது அரைத் திருப்பில் மூடுகிற வகை, கைப்பிடி ஏறி இறங்கவில்லை. கேட் வால்வு நல்லபடியாக மூடியது, அந்த மட்டில் அதிர்ஷ்டம். அடுத்து என்ன?

பட்டறைக்காரன்
ஆடுகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. பக்கத்தில் டூவீலர் மெக்கானிக் கடை இருக்குமே, அங்கே பேரிங் புல்லர் சின்ன சைஸ், இரண்டு கால் வைத்தது, ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்கள். கால் இரண்டும் கைப்பிடிக்கு அடியில் கொக்கி போலப் பிடிக்கும், நடு போல்ட்டைத் திருகத் திருக அது ஸ்பிண்டிலைத் தள்ளும், கைப்பிடி நேராக வெளியே வரும். சுவருக்கு ஒரு சுமையும் ஏறாது.

இதில் எல்லோரும் சறுக்குகிற இடம், புல்லரின் நடு போல்ட் தடிமனாக இருக்கும், கைப்பிடி ஓட்டை சின்னது. போல்ட் போய்க் கைப்பிடியிலேயே முட்டினால் நாள் முழுக்கத் திருகினாலும் வராது. அதனால் பழைய ஸ்க்ரூவின் அதே மரையில் கொஞ்சம் நீளமான ஒரு ஸ்க்ரூ வாங்கி, ஸ்பிண்டில் ஓட்டையின் அடியைத் தொடும்வரை உள்ளே ஏற்றுங்கள். தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லி இடைவெளி இருக்கணும். புல்லரை அந்த ஸ்க்ரூ தலைமேல் நிறுத்தித் திருகுங்கள். அடியைத் தொடாத குட்டை ஸ்க்ரூவில் நிறுத்தினால் மரை போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி அந்த இரண்டு மில்லி நகர்ந்தாலே பிடி விட்டுப்போகும், பிறகு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுக் கையாலேயே உருவலாம். காலுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் மிச்சமிருக்கிற குரோமாவது பிழைக்கும்.

திருகி இறுக்கிய பிறகும் அடம் பிடித்தால் மேலும் முறுக்காதீர்கள், அப்படியே டென்ஷனில் விட்டுவிட்டு மறுபடி சூடு துணி சுற்றுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும்.

கொங்கு_ராஜி
அதற்கும் வரவில்லையென்றால் கைப்பிடியைத் தியாகம் செய்துவிடுங்கள். ஹேக்சா பிளேடால் ஒரு பக்கம் நெடுக அறுத்து, ஸ்பிண்டில் பல்லைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்தி, அந்த வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினால் கைப்பிடி விரிந்துவிடும். கைப்பிடி மட்டும் தனியாகக் கடையில் கிடைக்கும். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் பல் கணக்கு ஒன்று இல்லை, பழைய ஸ்பிண்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், ‘ஹாஃப் இஞ்ச் மிக்ஸருக்கு’ என்று வாயால் சொல்லி வாங்கி வந்து நான் இரண்டு தடவை திரும்ப நடந்திருக்கிறேன்.

போர்தண்ணி_வாசி
வந்துவிட்டது!! புல்லருக்கு மெக்கானிக் காசு வாங்கவில்லை, என்ன வண்டி என்று கேட்டார், பாத்ரூம் என்றேன், சிரித்துவிட்டுக் கொடுத்தார். முதல் தடவை இறுக்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. சூடு துணியைச் சுற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன், நான் தட்டில் கை வைத்த நேரம் பாத்ரூமிலிருந்து ‘டிக்’ என்று கேட்டது, வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. பல் இடுக்கு முழுக்க வெள்ளைப் பொடி, கொஞ்சம் பச்சைக் களிம்பும்.

உள்ளே வாஷர் தேய்ந்து நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது. புது வாஷர் போட்டாயிற்று. நூல் மாதிரி வந்தது நின்றுவிட்டது, ஆனால் நிமிடத்துக்கு ஒரு சொட்டு இன்னும் விழுகிறது. இது எதனால்?

பட்டறைக்காரன்
வாஷர் போய் உட்காருகிற பித்தளை விளிம்பைச் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் சீட் அரித்திருக்கிறது, ஒழுகுகிறதே என்று இரண்டு மாதம் அழுத்தி அழுத்தி மூடியிருப்பீர்கள். சீட் கட்டர் என்று ஒரு கருவி உண்டு, விளிம்பைச் சமமாகச் சீவிவிடும், ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். தடவும்போது வழுவழுப்பாக இருந்தால் வெறும் தூசிதான், வால்வை ஒரு நொடி திறந்து ஸ்பிண்டில் இல்லாமல் தண்ணியைப் பீய்ச்ச விட்டுப் பிறகு மாட்டுங்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு.

கைப்பிடியைத் திரும்ப மாட்டும்போது பல்லில் மட்டும் லேசாக வாஸ்லின் தடவுங்கள். வாஷரிலோ ரப்பர் வளையத்திலோ படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும், அங்கே சிலிக்கான் கிரீஸ்தான். சிவப்பு பட்டனையும் தவறாமல் போடுங்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணி உள்ளே இறங்குகிறது.

போர்தண்ணி_வாசி
சொரசொரப்புதான். சிவப்பு பட்டனைத்தான் காணவில்லை, ஜாலி மேல் துணி போட்டது ராஜி சொன்ன பிறகு, பட்டனைக் கழற்றியது அதற்கு முந்தின ஞாயிறு.