1929 மாடல் ஏ ரோட்ஸ்டர்: பிளாட்ஹெட்டா, 350-ஆ, வெட்டவே கூடாதா?

டேட்டன்_கராஜ்:
வணக்கம். ஒஹாயோவில் டேட்டன் பக்கம் இருக்கிறேன். ஒரே ஒரு கார் நிற்கிற கராஜ்தான் என் பட்டறை. இரண்டு வருடம் தேடி, போன மாதம் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரின் (நிலையான கூரையில்லாத திறந்த கார்) பாடியை மட்டும் வாங்கி வந்தேன். சேஸிஸ் இல்லை, இன்ஜின் இல்லை, மட்கார்டு ஒன்றுகூட இல்லை. முன்பக்கக் கௌல் (கதவுக்கு முன்னால், டாஷ்போர்டை ஒட்டிய பகுதி), இரண்டு கதவு, பின்பக்கத் தகடுகள், அவ்வளவுதான். அடியில் ஓடுகிற சப்ரெயிலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினால் துரு பொரிமாவு மாதிரி உதிர்கிறது. ஆனால் கதவுகளில் நாலு அடுக்கு பெயிண்டைச் சுரண்டினால் அடியில் தகடு பளிச்சென்று இருக்கிறது, ஒரு ஓட்டை கிடையாது.

என் திட்டம், 1932 மாதிரியில் வரும் புது சேஸிஸ் ரெயில் மேல் இதை உட்கார வைத்து ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார், கட்டுவது. இன்ஜினுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒரு 1951 செடானிலிருந்து கழற்றிய பிளாட்ஹெட் வி8 (வால்வுகள் மேலே இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கிற பழைய ஃபோர்டு இன்ஜின்) கிடைத்திருக்கிறது, 8பிஏ என்ற மாடல், இன்னும் திறந்து பார்க்கவில்லை. இன்னொன்று, நண்பர் ஒருவர் புதுப்பித்து வைத்திருக்கிற செவி 350 (செவ்ரலேயின் 350 கன அங்குல வி8). பிரேக்குக்கு 1940 ஃபோர்டு ஹைட்ராலிக் டிரம்மா, டிஸ்க்கா என்பதும் தீரவில்லை. அப்புறம், 29-இல் பெட்ரோல் டேங்க் கௌலிலேயே இருக்கிறதே, அதை வெட்டி எடுத்துவிடலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒரிஜினல்_29:
முதலில் அந்த கிரைண்டரை ஓரமாக வையுங்கள். 90 வருடத்துக்கு மேல் மழை, பனி, எலி எல்லாவற்றுக்கும் தப்பி வந்த அசல் ரோட்ஸ்டர் பாடி அது. சேஸிஸ் இல்லை, இன்ஜின் இல்லை என்கிறீர்கள். மாடல் ஏ 40 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அந்த நாலு சிலிண்டர், 40 குதிரைத்திறன் இன்ஜினும் சேஸிஸும் தேடினால் நிச்சயம் கிடைக்கும், செடான் பாடி மட்கிப்போன சேஸிஸ்கள் நிறையவே கிடக்கின்றன. கிடைக்காதது ரோட்ஸ்டர் தகடுதான், அதுதான் உங்கள் கையில் இருக்கிறது. ஹாட் ராட் வேண்டுமென்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே புரூக்வில்லில் புது எஃகுத் தகட்டில் மாடல் ஏ ரோட்ஸ்டர் பாடி அடிக்கிறார்கள். அதை வாங்கி இஷ்டப்படி வெட்டுங்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்.

பிளாட்ஹெட்_குமரன்:
ஒரிஜினல் சார், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க முடியவில்லை. ஹாட் ராட் என்பதே இந்த வண்டியில்தானே பிறந்தது? தெற்குக் கலிஃபோர்னியாவில் பையன்கள் கைக்கு எட்டிய விலையில் கிடைத்த ரோட்ஸ்டரை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, விண்ட்ஷீல்டைக் கழற்றி, மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிகளில் ஓட்டினார்கள். அந்த ஏரிப் பந்தயங்களை நடத்திய எஸ்சிடிஏ சங்கம் 1937-இல் தொடங்கியது, போர் முடிந்து திரும்பியவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள், 1949-இல் பானவில் உப்புத் தரைக்குப் போனார்கள். 29 பாடி, 32 ரெயில், பிளாட்ஹெட் என்ற சேர்க்கை அன்றைக்கே ஊறிப்போன ஒன்று. சேஸிஸ் இல்லாத பாடிக்கு இதைவிடக் கௌரவமான வாழ்க்கை என்ன இருக்கிறது?

டேட்டன் நண்பரே, பிளாட்ஹெட்டையே போடுங்கள். 1951-இன் 8பிஏ 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். மெர்க்குரி காரின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்க் கிடைத்து, சிலிண்டரையும் 3 5/16-க்குக் கடைந்தால் 276 கன அங்குலம் வந்துவிடும். மேலே இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்புரேட்டர். அப்புறம் அந்தச் சத்தம்! ஒவ்வொரு பக்கமும் நடு இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே எக்ஸாஸ்ட் வாய், அதனால்தான் அந்த உருமல் வேறு எந்த வி8-இலும் வருவதில்லை.

ஸ்பேனர்_செட்:
குமரன், அந்த எக்ஸாஸ்ட் பாதையைப் பற்றி மீதியையும் சொல்லுங்கள். பிளாட்ஹெட்டில் வால்வு எல்லாம் வி-யின் உள்பக்கம், புகை வெளியே வர வேண்டியது வெளிப்பக்கம். கொதிக்கிற புகை முழுவதும் பிளாக்குக்கு உள்ளேயே சிலிண்டர்களுக்கு இடையில் புகுந்துதான் வருகிறது. போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சூடாக்குகிறது. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை விரிசல் விடுவதும் இந்தச் சூட்டால்தான். பத்து வருடத்துக்கு முன்னால் நான் ஒரு பிளாக்கைக் கடைசலுக்குக் கொடுத்தேன். அவர்கள் விரிசல் சோதனை செய்யாமலே எட்டு சிலிண்டரையும் கடைந்துவிட்டு, கடைசியில்தான் பார்த்தார்கள். மூன்று இடத்தில் விரிசல். கடைசல் கூலி, புது பிஸ்டன் எல்லாம் போனது, எட்டு மாதம் கராஜில் வெறும் சேஸிஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

350-ஐப் போடுங்கள். எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், வெயிலில் டிராஃபிக்கில் நின்றாலும் கொதிக்காது. 'பாரம்பரியம்' என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம்: அந்தப் பையன்கள் பழையதைப் போற்றவில்லை. 1939-இல் ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதும், கம்பி இழுத்து நிறுத்துகிற தங்கள் பிரேக்கைத் தூக்கிப்போட்டு அதை மாட்டினார்கள். 1949-இல் ஓல்ட்ஸ்மொபைலும் கேடில்லாக்கும் ஓவர்ஹெட் வால்வு (வால்வு சிலிண்டருக்கு மேலே இருக்கிற) வி8 கொண்டு வந்ததும் அதற்குத் தாவினார்கள், 1955-இல் செவி வந்ததும் பிளாட்ஹெட்டைக் கழற்றி மூலையில் வைத்தார்கள். கிடைத்ததில் எது நல்லதோ அதைப் போடுவதுதான் அவர்கள் வழக்கம்.

பிளாட்ஹெட்_குமரன்:
அது சரிதான், ஆனால் அவர்கள் அன்றைக்கு நேற்றைய வண்டியை நாளைய வண்டியாக்கினார்கள். நாம் இன்றைக்கு ஒரு காலத்தை உயிரோடு ஓட்டிப் பார்க்க நினைக்கிறோம். இரண்டும் வேறு. 350 போட்ட 29-ஐ எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் வரிசையாகப் பார்க்கலாம், பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரே முகம்.

கொதிப்பைப் பற்றி: பாதிப் பழி பிளாக்கினுடையது அல்ல. ஃபவுண்டரியில் வார்த்தபோது உள்ளே தங்கிய மணலும், அதன்மேல் 70 வருடத் துருவும் தண்ணீர்ப் பாதையை அடைத்திருக்கும். என்னுடையதில் வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டிச் சுரண்டி, அமுக்கத் தண்ணீர் அடித்து, மறுபடி சுரண்டி, மூன்று நாளில் ஒரு டப்பா நிறையக் கறுப்பு மணல் எடுத்தேன். அதற்கப்புறம் நல்ல ரேடியேட்டர் போட்டேன், நாலு கோடையாக ஓட்டுகிறேன், ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. ஸ்பேனர் சொன்னதில் ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன்: கழுவு, காந்தப் பொடி சோதனை, அழுத்த சோதனை, இவை முடிகிற வரை கடைசலுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள்.

வெல்டர்_சாந்தி:
தம்பி, இன்ஜின் சண்டை நடக்கட்டும், டேங்கை வெட்டலாமா என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. தயவுசெய்து கிரைண்டரையோ டார்ச்சையோ அந்த டேங்கில் வைக்காதீர்கள். முப்பது வருடமாகக் காய்ந்து கிடக்கிறது, வாசனைகூட இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உள்ளே சுவரில் கோந்து மாதிரி பழைய பெட்ரோல் ஒட்டியிருக்கும், சூடு பட்டால் அதிலிருந்து ஆவி கிளம்பும், ஒரு பொறி போதும். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. எங்கள் பட்டறையில் பழைய டேங்க் வந்தால் அழுக்கு எடுக்கிற சோப்புக் கரைசலில் திரும்பத் திரும்ப அலசாமல் யாரும் தொடுவதில்லை, அதற்குப் பிறகும் வெட்டுகிற கோடு வரை தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் வேலை.

துருவுக்குச் சின்ன பாகங்களை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு மின்சாரம் விடுவீர்கள் என்று நினைக்கிறேன். பாசிட்டிவ் துருவத்தில் வெறும் இரும்புக் கம்பியையே போடுங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், அந்தத் தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் கராஜுக்கு உள்ளே வேண்டாம், வெளியில் வையுங்கள்.

சேஸிஸ் ரெயிலின் உள்பக்கம் தகடு வைத்துப் பெட்டியாக அடைப்பதாக இருந்தால் ஒரே மூச்சில் நீளமாக வெல்ட் ஓட்டாதீர்கள். சட்டத்தைத் தட்டையான மேசையில் கட்டிவைத்து, இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம், ஆறவிட்டு மறுபடி. அவசரப்பட்டால் ரெயில் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

ஒரிஜினல்_29:
சாந்தி அம்மா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன், காரணம் மட்டும் வேறு. 28, 29 வண்டிகளில் அந்த டேங்க் தனியாக உள்ளே ஒளிந்திருப்பதல்ல, அதன் மேல்தகடுதான் கௌலின் வெளித்தோற்றமே. அதை வெட்டினால் வண்டியின் நெற்றியை வெட்டுகிற மாதிரி. பத்து கேலன் பெட்ரோல் முழங்காலுக்கு மேலே இருப்பது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. பெட்ரோல் ஊற்றாதீர்கள், அவ்வளவுதானே? நன்றாகக் கழுவிக் காலியாக விடுங்கள், பின்னால் ஒரு டேங்க் வையுங்கள். பாடியைச் சேஸிஸில் மாட்டும்போதும் பழைய ஓட்டைகளிலேயே போல்ட் போடுங்கள், வெல்ட் வேண்டாம். என்றைக்காவது ஒருவர் அதை மாடல் ஏ சேஸிஸுக்குத் திருப்ப நினைத்தால் வழி இருக்கட்டும்.

ஸ்பேனர்_செட்:
இதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் பிரேக் விஷயத்தில் விடமாட்டேன். 1940 ஃபோர்டு பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று, நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஃப்ரீமான்ட் மலை இறக்கத்தில் எனக்கு ஒரு சக்கரத்தின் ரப்பர் கிழிந்தது. பெடல் தரை வரை போய் அப்படியே நின்றுவிட்டது, எண்ணெய் முழுவதும் ரோட்டில். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒரு வீட்டு வேலியில் உரசி நிறுத்தினேன், பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவில் 1968-இலிருந்து இரட்டை வழி பிரேக் கட்டாயமானது சும்மா இல்லை. முன்னால் டிஸ்க் போடுங்கள்.

பிளாட்ஹெட்_குமரன்:
மகள் நலம்தானே? படிக்கும்போதே கை நடுங்குகிறது. நீங்கள் சொன்ன ஆபத்து ஒற்றை வழி சிலிண்டரால் வந்தது, டிரம்மால் அல்ல. தரைக்கு அடியில் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது) போட்டால், ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் 1940-தான் தெரியும்.

ஸ்பேனர்_செட்:
மகள் நலம், நன்றி. இரட்டை வழி என்றால் பாதி சண்டை முடிந்தது. மீதிப் பாதி, ஈர ரோட்டில் டிரம் ஒரு பக்கமாக இழுப்பது. அதில் என் கருத்து மாறவில்லை. இன்னொன்று, சேஸிஸ் எண் இல்லாத வண்டி என்பதால் ஒஹாயோவில் சொந்தமாகக் கட்டிய வண்டி என்று நெடுஞ்சாலைக் காவல்துறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அந்தப் பாடி வாங்கிய சீட்டு உட்பட.

டேட்டன்_கராஜ்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். 8பிஏ-வைப் பிரித்துக் கழுவினேன், குமரன் சொன்ன அதே கறுப்பு மணல், இரண்டு டப்பா. சோதனையில் போல்ட் ஓட்டையிலிருந்து தண்ணீர் ஓட்டைக்கு இரண்டு சின்ன விரிசல் தெரிந்தது, பின் அடித்துச் சரிசெய்துவிடலாம் என்றார்கள். வால்வு சீட் பக்கம் எதுவும் இல்லை, அழுத்தமும் நின்றது. அதனால் பிளாட்ஹெட்தான். ஸ்பேனர் அண்ணா, 350-ஐ நண்பரிடமே விட்டுவிட்டேன், ஆனால் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் நேற்று வந்து இறங்கியது. டிரம்மோடு ஆரம்பிக்கிறேன், மழையில் இழுத்தால் டிஸ்க் மாற்றுவேன், அதற்கு ஏற்ற ஸ்பிண்டிலாகவே (முன்சக்கரம் மாட்டும் அச்சு) வாங்கியிருக்கிறேன்.

டேங்க்கைத் தொடவில்லை. சப்ரெயில் மட்டும் புதிது, பழைய ஓட்டை இருந்த இடத்திலேயே புதிதிலும் ஓட்டை. சாந்தி அக்கா, ரெயிலை அடைக்கிற அன்றைக்கு ஒரு வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்ல முடியுமா? சனிக்கிழமை காலை தோதுப்படுமா?

வெல்டர்_சாந்தி:
சனிக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள் தம்பி. அதற்கு முன்னால் நாலு மூலையிலும் குறுக்களவு எடுத்துச் சுவரில் எழுதி வையுங்கள், ஒவ்வொரு பத்து வெல்டுக்கும் அதைத் திரும்ப அளக்க வேண்டும்.