ஏரிக்கு ஏரேட்டர் போட்டால் போதுமா?

ஏரிக்கரையான்:
2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மூச்சுத் திணறுகிற மீனுக்கு மூச்சு கொடுப்பதுதான் முதல் வைத்தியம். பெங்களூர் ஏரிகளில் ஏரேட்டர்களை, அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் எந்திரங்களை, நிறையப் போட வேண்டும். காலை 11 மணிக்கு அளந்து, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வந்தால் ஏரி பிழைத்தது என்று அர்த்தம்.

நீர்மானி:
அந்த 11 மில்லிகிராம்தான் நோயின் அறிகுறி, சார். இந்த ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 25 டிகிரியில் தண்ணீர் காற்றிலிருந்து சுமார் ஏழரை மில்லிகிராம்தான் பிடித்துவைக்கும். மிச்சம் வெயிலில் பாசி விட்டது. இரவில் அதே பாசி உறிஞ்சிவிடும். விடியுமுன், அடிமட்டத்துக்கு அரை மீட்டர் மேலே அளக்க வேண்டும். ரசாயனம் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை என்றால் பாட்டிலில் ஒரு குமிழிகூடத் தங்கக் கூடாது. மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு-அசைடு இரண்டையும் கரையிலேயே சேர்த்துவிடுங்கள். அசைடு இல்லையென்றால் கழிவுநீரிலுள்ள நைட்ரைட், ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

ஏரிக்கரையான்:
நேரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மீன் சாவதும் அந்த நேரத்தில்தானே? அப்படியானால் இரவில் ஏரேட்டர் ஓட வேண்டாமா? அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால், சேற்றில் இரும்போடு ஒட்டியிருக்கும், பாசிக்கு உரமாகிற பாஸ்பரஸும் எளிதில் வெளியே வராது.

நீர்மானி:
கணக்குப் போடுவோம். ராஜகால்வாயில் (ஏரிக்கு வரும் பெரிய மழைநீர் வாய்க்காலில்) தினம் 10 லட்சம் லிட்டர் சாக்கடை, அதிலுள்ள அழுக்கு மக்கத் தேவையான ஆக்சிஜன், அதாவது பிஓடி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வையுங்கள். அதற்கு மட்டும் நாளொன்றுக்கு 200 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 1 குதிரைத்திறன் ஏரேட்டர் நாள் முழுக்க ஓடினால் 18 யூனிட். யூனிட்டுக்கு 1 கிலோ கரையும் என்றாலும் 18 கிலோதான். ஆக, 12 எந்திரங்கள்.

அதோடு முடியவில்லை. சாதாரண சுத்திகரிப்பு நிலையம் பிஓடியைக் குறைத்தாலும் பாஸ்பரஸில் பெரும்பங்கை விட்டுவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் மிஞ்சினால் தினம் 5 கிலோ. 1 கிராம் பாஸ்பரஸில் வளரும் பாசி முழுக்க மக்குவதற்குச் சுமார் 140 கிராம் ஆக்சிஜன் பிடிக்கும். ஐந்து கிலோவும் பாசியானால் 700 கிலோ! வாய்க்காலில் வந்ததைவிட மூன்றரை மடங்கு.

சம்புக்காடு:
அதனால்தான் பெங்களூர் ஜக்கூர் ஏரியின் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். அங்கே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், சம்புப் புல் வளர்ந்த ஈரநிலம் வழியாகப் போய்த்தான் ஏரியில் சேர்கிறது.

ஏரிக்கரையான்:
சம்பை அறுத்து வெளியேற்றினால்தான் அதில் பலன். அப்படியே விட்டால் அழுகி, உறிஞ்சிய பாஸ்பரஸைத் திருப்பிக் கொடுத்துவிடும். அறுவடைக்கு ஆள் போடாத ஏரிக்கு என்ன பதில்?

நீர்மானி:
நிலையத்திலேயே படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ சேர்த்துப் பாஸ்பரஸை வண்டலாகப் பிரித்தெடுப்பதுதான் பதில். அதுவரை மீனைக் காக்க ஏரேட்டர் ஓடட்டும், மறுக்கவில்லை. ஆனால் கறுத்த சேறுள்ள ஏரியில் எல்லாவற்றையும் ஒரே இரவில் முடுக்கிவிடாதீர்கள். ஆக்சிஜனற்ற அடித்தண்ணீரும் ஹைட்ரஜன் சல்பைடும் மேலேறி, காப்பாற்ற நினைத்த மீனையே கொன்றுவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள்.