கும்புவில் ஷெர்பாக்களோடு நடந்தோம்: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

நானும் என் மைத்துனரும் ஓர் அக்டோபர் மாதம் நேபாளத்தின் கும்பு பகுதிக்குப் போனோம். எவரெஸ்ட் அடிவார முகாம்வரை, 5,364 மீட்டர் உயரத்துக்கு, நடப்பதாகத் திட்டம். ஆனால் 4,940 மீட்டரில் இருக்கும் லோபுசேயோடு திரும்பிவிட்டோம். ஏன் என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் எங்களைக் கூட்டிப்போனவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் கும்ஜுங் கிராமத்துக்காரர். ஷெர்பாக்களில் பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். ஞாயிறு என்றால் நிமா, திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வியாழன் புர்பா, வெள்ளி பாசாங், சனி பெம்பா. அதனால் அவர் எந்தக் கிழமை பிறந்தவர் என்று சொன்னாலே பாதிப் பெயர் தெரிந்துவிடும். அவரைக் கேட்காமல் எழுத எனக்கு மனமில்லை. நாங்கள் அவரைத் 'தாய்' என்று கூப்பிட்டோம். நேபாளியில் அண்ணன் என்று பொருள். முதல் நாள் நாக்கு கொஞ்சம் தயங்கியது, நமக்கு அது அம்மா அல்லவா. நாம்சே பஜார் என்ற மலையூருக்கு ஏறி முடிப்பதற்குள் பழகிவிட்டது.

அந்த ஏற்றத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே சொல் 'பிஸ்தாரை'. மெதுவாக என்று அர்த்தம். நாங்கள் வேகமெடுத்தால் திட்டமாட்டார், முன்னால் போய்த் தன் நடையைக் குறைத்துக்கொள்வார். பின்னால் வருகிற நமக்கும் கால் தானாக அடங்கிவிடும். வழியில் மந்திரம் செதுக்கிய மணிக் கற்கள் வந்தால் வலமாகத்தான் சுற்றிப் போகவேண்டும். அதை அவர் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை, கோயிலில் வலம் வந்து பழகிய கால்கள்தானே.

உயரத்துக்கு உடம்பு பழக, நாம்சேயில் (3,440 மீட்டர்) இரண்டு இரவு தங்கினோம். மூவாயிரம் மீட்டருக்கு மேலே, படுக்கும் உயரத்தை ஒரே நாளில் ஐந்நூறு மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது என்பது அவர் கணக்கு. நடுநாளில் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். கும்ஜுங் 3,790 மீட்டர். எட்மண்ட் ஹில்லாரி 1961-இல் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கிறது. தாய் படித்ததும் அங்கேதான். ஊருக்கு மேலே கும்பிலா மலை. எவரெஸ்டையே ஏறுகிற மக்கள் அதைவிட மூவாயிரம் மீட்டருக்குமேல் குட்டையான அந்த மலையில் ஏறுவதில்லை. அது அவர்கள் காவல் தெய்வத்தின் இருப்பிடம்.

வீட்டுச் சுவரில் வரிசையாக வறட்டி தட்டி வைத்திருந்தார்கள். யாக் சாணிதான், ஆனால் விரல் பதிந்த தடம்கூட எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் பார்த்த மாதிரியே இருந்தது. தேசியப் பூங்காவுக்குள் விறகு வெட்டத் தடை இருப்பதால் அடுப்பு அதில்தான் எரிகிறது. தாயின் அம்மா உருளைக்கிழங்கைத் துருவி மாவில் கலந்து கல்லில் அடை மாதிரி ஊற்றினார். 'ரிகிகுர்' என்கிறார்கள். மேலே யாக் வெண்ணெய், பக்கத்தில் மிளகாய்த் துவையல். குடிக்க உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர். ஒரு மடக்கு குடித்தால் உடனே கோப்பை நிரம்பிவிடும். 'ஷே, ஷே' என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார். 'சாப்பிடு, இன்னும் கொஞ்சம்' என்பதுதான். விருந்தாளி கோப்பை காலியாக இருக்க விடமாட்டார்கள். எனக்குப் பாஷை தெரியாது, அந்தக் குரல் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அங்கிருந்து தெங்போசே, திங்போசே. திங்போசேயிலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். ஏழெட்டு நாளில் துக்லா கணவாய்க்கு வந்தோம். மலையில் இறந்தவர்களுக்கான கல் நினைவுச் சின்னங்கள் அங்கே பிரார்த்தனைக் கொடிகளுக்கு நடுவே நிற்கின்றன. தாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். 2014 ஏப்ரல் 18 அன்று, எவரெஸ்ட் ஏறும் வழியிலுள்ள கும்பு பனியருவியில் பனி சரிந்து 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் மலையில் வேலைக்கு வந்த நேபாளிகள். அதில் ஒருவர் இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த வருடத்தோடு அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார், இவர் அப்புறம் சிகரம் ஏறவே போகவில்லை.

அன்று மாலை லோபுசேயில்தான் அது நடந்தது. மைத்துனருக்கு மதியத்திலிருந்து தலைவலி. என்னிடம்கூடச் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்து திரும்பிவிடுவோமோ என்ற பயம். தாய் எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? தினமும் இரண்டு தடவை பருப்பு சாதம் வாங்குகிற மனிதர் அன்று தட்டை அளைந்துகொண்டிருந்தார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார். தாய் அவரை எழுப்பி, தரைப் பலகையின் கோட்டில் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்களோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சாய்ந்துவிட்டார்.

காலையில் பார்த்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவர், "காலைவரை காத்திருக்கக் கூடாது, இப்போதே" என்றார். தலைவிளக்கு மாட்டிக்கொண்டு இருட்டில் இறங்கினோம். தாய் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் சொல்லிச் சொல்லி இறக்கினார். நான் சுமைகளோடு பின்னால். பெரிசேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது, 1973-லிருந்து அங்கே உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் நோயைப் பார்க்கிறார்கள். போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். ஊசியும் ஆக்சிஜனும் கொடுத்தார்கள். விடியும்போது மைத்துனர் என் பெயரைச் சரியாகச் சொன்னார். நான் வெளியே வந்து அழுதேன். தாய் எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிவந்து, குடிக்கக் குடிக்க நிரப்பினார்.

உங்களில் யார் யார் போயிருக்கிறீர்கள்? உங்கள் வழிகாட்டியைப் பற்றி எழுதுங்கள்.

* * *

படித்ததும் என் நடை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒன்று சேர்க்கிறேன்: சுமை தூக்குகிறவர்களை எல்லாம் ஷெர்பா என்று நாம் சொல்லிவிடுகிறோம், நானும் அப்படித்தான் சொன்னேன். ஷெர்பா என்பது வேலையின் பெயர் இல்லை, ஒரு இனத்தின் பெயர். 'ஷர்' கிழக்கு, 'பா' மக்கள். திபெத்தின் கிழக்கிலிருந்து வந்தவர்கள். என் பையைத் தூக்கியவர் ராய் இனத்துப் பையன், இதே சோலுகும்பு மாவட்டத்தின் கீழ்ப் பகுதிக்காரன். கல்லூரிக் கட்டணத்துக்காக விடுமுறையில் வந்திருந்தான். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஷெர்பா வழிகாட்டி அக்காதான். அவன் பெயரை முதலில் கேள் என்றார்.

நம் ஊரில் சும்மாடு வைத்துத் தலையில் தூக்குவோம். இங்கே 'தோகோ' என்ற கூடையை முதுகில் வைத்து, 'நாம்லோ' பட்டையை நெற்றியில் மாட்டி இழுக்கிறார்கள். பாரம் முழுக்கக் கழுத்துக்கு. நின்று இளைப்பாற, டி வடிவக் கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொள்கிறார்கள். நடை தொடங்கும் லுக்லாவில் அவன் கூடையைத் தூக்கிப்பார்த்துவிட்டு, என் பையிலிருந்து நாலு கிலோ எடுத்துவைத்தேன். போகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே எடுத்துவைத்துவிடுங்கள்.

* * *

நான் 2025 வசந்த காலத்தில் நாம்சேயிலிருந்து மேற்கே பிரிந்து தாமே என்ற கிராமத்துக்குப் போனேன். டென்சிங் நார்கே சிறுவனாக இருந்த ஊர். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலே ஒரு பனி ஏரி உடைந்து வெள்ளம் வந்தது. பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், பல வீடுகள் போய்விட்டன. பகலில் வந்ததால் ஆட்கள் மேட்டுக்கு ஓடித் தப்பித்தார்கள்.

எங்கள் வழிகாட்டி படித்த பள்ளி அது. எந்த இடத்தில் வகுப்பறை இருந்தது என்று காட்ட வந்தவர், சாம்பல் நிறப் பாறைகளுக்கு நடுவில் நின்று ரொம்ப நேரம் திசை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா, பாறை விழாமல் மிஞ்சிய ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்.