விண்டோஸ் ஆடுது, அவசரம், யாராவது உதவுங்கள்

தங்கச்சிமடம்_ஜெராக்ஸ் (காலை 10.52)
கடை கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஆடுது. பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி நெளிகிறது. மினிமைஸ் செய்தால் பூதம் புட்டிக்குள் போவது மாதிரி சுருங்கிக் கீழே இறங்குகிறது. கூடவே ஒரே ஸ்லோ. ஒரு பிடிஎஃப் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மீன்பிடித் தடைக்காலம், நிவாரண மனு போட வாசல் வரை ஆள் நிற்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

தொண்டி_துடுப்பு (10.58)
எந்த விண்டோஸ்? 10ஆ, 11ஆ? ரேம் எவ்வளவு? எஸ்எஸ்டியா, பழைய ஹார்டு டிஸ்க்கா? எதுவும் சொல்லாமல் 'ஆடுது' என்றால் நாங்கள் வேப்பிலைதான் அடிக்க வேண்டும்.

மண்டபம்_வலை (11.03)
திஸ் பிசி மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸுக்குள் போய் 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். எல்லா ஆட்டமும் நின்றுவிடும்.

கீழக்கரை_ஆப்பிள் (11.07)
பூதம் புட்டிக்குள் போகிறது என்றால் அது ஜீனி எஃபெக்ட். ஆப்பிளின் மேக்கில் 2001லிருந்து இருக்கிறது. டாக் செட்டிங்ஸில் 'ஸ்கேல்' என்று மாற்றினால் போதும்.

மண்டபம்_வலை (11.09)
கீழக்கரை காக்கா, ஜெராக்ஸ் கடையில் யார் மேக் வைத்திருப்பார்கள்?

பழைய_கர்னல் (11.15)
'விண்டோஸ் ஆடுது' என்பதெல்லாம் ஒரு தலைப்பா? சிஸ்டம் விவரம் எழுதிவிட்டுக் கேளுங்கள் என்று நானே நூறு தடவை சொல்லியாயிற்று. சரி, மற்றவர்களும் கொஞ்சம் யோசியுங்கள். ஜெல்லி நெளிவு விண்டோஸில் கிடையாது, மேக்கிலும் கிடையாது. இவர் வைத்திருப்பது லினக்ஸ், அதிலும் கேடிஈ என்ற டெஸ்க்டாப். நெளிவதன் பெயர் 'வாபிளி விண்டோஸ்', புட்டியின் பெயர் 'மேஜிக் லாம்ப்'. யாரோ வேண்டுமென்றே டிக் போட்டிருக்கிறார்கள், தானாக வராது. சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் என்று இருக்கும். போய் டிக்கை எடுங்கள். ஐந்து நிமிடம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

தங்கச்சிமடம்_ஜெராக்ஸ் (11.41)
ஆமாம் அண்ணே, லினக்ஸ்தான். விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது என்று அக்கா மகன் மாசியில் குபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். அழகுக்கு என்று ஏதோ வைத்தான். நான் சொன்னது ஜன்னல் ஆடுகிறது என்று. நீங்கள் சொன்னபடி டிக்கை எடுத்தேன், ஆட்டம் நின்றது. ஸ்லோ அப்படியே இருக்கிறது.

தொண்டி_துடுப்பு (11.46)
கிராபிக்ஸ் டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. சிபியுவே படம் வரைகிறது, அதான் திணறல். அபௌட் திஸ் சிஸ்டத்தில் கிராபிக்ஸ் ப்ராசஸர் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் நான் சொன்னதுதான்.

பழைய_கர்னல் (11.52)
தம்பி, எல்எல்விஎம்பைப்பில் ஓடினால், கேடிஈயில் ஜன்னல்களைக் காட்டும் கேவின் இந்த ஜெல்லியை அனுமதிக்கவே செய்யாது. ஜெல்லி நெளிந்ததே கார்டு வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

பாம்பன்_உப்பு (11.55)
மூன்று கேள்வி. சிபியு பெட்டி எங்கே இருக்கிறது? காலையில் திறந்ததும் ஸ்லோவா, போகப் போகவா? ஃபேன் சத்தம் எப்படி? நம் ஊரில் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். 2025இல் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். நம் கம்ப்யூட்டருக்கு என்ன இருக்கிறது?

மண்டபம்_வலை (11.58)
இவருக்கு எது கெட்டாலும் உப்புதான் காரணம். போன மாதம் வைஃபை வராததற்கும் உப்பு என்றார்.

கீழக்கரை_ஆப்பிள் (12.04)
எப்படியும் இந்த அலங்காரமெல்லாம் மேக்கைப் பார்த்துச் செய்தவைதான். திரையையே கனசதுரமாகத் திருப்புகிறோம் என்று லினக்ஸ்காரர்கள் பெருமையடிக்கும் சுழலும் க்யூப் 2003லேயே மேக்கின் பாந்தர் பதிப்பில் இருந்தது, ஒரு யூசரிலிருந்து இன்னொரு யூசருக்கு மாறும்போது.

பழைய_கர்னல் (12.10)
அது ஒரு தடவை திரும்பிவிட்டு நின்றுவிடும். 2006இல் லினக்ஸுக்குக் காம்பிஸ் வந்தபோது க்யூபை மவுஸால் பிடித்துச் சுற்றலாம், நான்கு பக்கத்திலும் நான்கு டெஸ்க்டாப். விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ என்ற கண்ணாடித் தோற்றம் கடைக்கு வந்ததே 2007 ஜனவரியில்தான். 2012இல் விண்டோஸ் 8 வந்ததும் அவர்களே அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள்.

தொண்டி_துடுப்பு (12.13)
கேடிஈயும்தான் 2021இல் க்யூபைத் தூக்கியது. கேடிஈயின் பிளாஸ்மா 6 வந்தபோது, 2024இல்தான் திரும்ப வந்தது. அதைச் சொல்ல மாட்டீர்களே.

தங்கச்சிமடம்_ஜெராக்ஸ் (12.30)
உப்பு அண்ணே, காலையில் நன்றாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் படுத்துவிடும். ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது. லினக்ஸ் போட்ட அன்றுதான் பெட்டியை ஜன்னலோரம் மாற்றினோம். வடகடல் அந்தப் பக்கம்தான். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பாம்பன்_உப்பு (12.34)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடிக்கும். ப்ராசஸர் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் அது கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும், அலுமினியத்தில் வெள்ளையாகப் பூக்கும். சூடு வெளியேறாவிட்டால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்று அடித்தால் எத்தனை டிகிரி என்று தெரியும். 90க்கு மேல் காட்டினால் ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். ஹீட்சிங்க்கையே கழற்றினால் அடியில் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது தடவுங்கள்.

மண்டபம்_வலை (12.41)
டிகிரியைச் சொல்லுங்கள் ஜெராக்ஸ்.

கீழக்கரை_ஆப்பிள் (பிற்பகல் 3.20)
ஒரு தடவை திரும்பினாலும் க்யூப் க்யூப்தான்.

தங்கச்சிமடம்_ஜெராக்ஸ் (மறுநாள் இரவு 9.15)
97 இருந்தது. இடுக்கில் ஒரு எலிக்கூடு அளவுக்குப் பஞ்சு. இப்போது 56. பெட்டியை உள்சுவர் பக்கம் மாற்றிவிட்டேன். ஜெல்லியைத் திரும்பப் போட்டாயிற்று, பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

தொண்டி_துடுப்பு (9.22)
பேஸ்ட் மாற்றினீர்களா, வெறும் பிரஷ்தானா? ரேம் எவ்வளவு என்று இன்னும் சொல்லவே இல்லை.

பழைய_கர்னல் (9.40)
தலைப்பை மாற்றச் சொன்னேன்.