பிளெண்டர் கீயிங்: முடி ஓரத்தில் கருப்புக் கோடு, ஜிமிக்கியில் ஓட்டை

கேள்வி:
பிளெண்டர் 4.2 (3டி, வீடியோ மென்பொருள்). காட்சி 1080p, 25 ஃபிரேம், 8 பிட் 4:2:0 எச்.264. பச்சைத் திரைக்கு முன்னால் ஒரு பெண், பின்னணியில் வெளிர்நீல வானம். கீயிங் நோட்டிலிருந்து (பச்சையை நீக்கும் கட்டம்) நேராக ஆல்பா ஓவர் (படத்தைப் பின்னணி மேல் வைக்கும் கட்டம்). முடியைச் சுற்றி மெல்லிய கருப்புக் கோடு வருகிறது. ஜிமிக்கியில் ஓட்டை விழுந்து வானம் தெரிகிறது. திரையின் இடது மூலை இருட்டாக இருப்பதால் அங்கே மூட்டம் போல மிச்சம் நிற்கிறது. கிளிப் பிளாக்கை (இதற்குக் கீழே முழுவதும் நீங்கும்) 0.4, கிளிப் ஒயிட்டை (இதற்கு மேலே முழுவதும் நிற்கும்) 0.6 வைத்ததும் மூட்டம் போனது. முடிக்கற்றைகளும் கூடவே போய்விட்டன. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஆல்பா ஓவரில் 'கன்வர்ட் ப்ரீமல்டிப்ளைடு' டிக் இருக்கிறதா பாருங்கள். கீயிங் நோட்டின் படம் ஏற்கெனவே ஆல்பாவால் (ஒளிபுகாமை அளவு) பெருக்கப்பட்டுத்தான் வெளியே வரும். டிக் இருந்தால் இன்னொரு முறை பெருக்கும். பாதி ஆல்பா உள்ள பிக்சல் மேலும் பாதியாக இருண்டுவிடும். கருப்புக் கோடு அதுதான். டிக்கை எடுங்கள்.

அடுத்து, மேட்டை (வெள்ளை நிற்கும், கருப்பு நீங்கும், சாம்பல் பாதி தெரியும் என்று காட்டும் படம்) மட்டும் வியூவரில் போட்டுப் பாருங்கள். 0.4-க்கும் 0.6-க்கும் நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் சாம்பலில் ஐந்தில் நாலு பங்கு போய்விடும். முடியே அந்தச் சாம்பல்தான். ஒரே கீயை வைத்து உடம்பையும் முடியையும் எடுக்கப் பார்க்காதீர்கள், இரண்டு கீயிங் நோட் போடுங்கள்.

முதலாவது உள்பகுதிக்கு. உங்கள் 0.4, 0.6 இங்கேதான் உதவும். அதன் மேட்டை டைலேட்/எரோட் (விரிக்கும்/சுருக்கும்) நோட்டில் +8, அடுத்த நோட்டில் -14. முதலில் விரித்தால் ஓட்டை அடைபடும், பிறகு சுருக்கினால் ஓரத்திலிருந்து 6 பிக்சல் உள்ளே நிற்கும். வரிசையை மாற்றினால் ஓட்டை பெரிதாகும். இதை இரண்டாவது நோட்டின் கோர் மேட்டில் (கட்டாயம் நிற்க வேண்டிய பகுதி) கொடுங்கள்.

இரண்டாவது முடிக்கு: கிளிப் 0.05, 0.95, ப்ரீ பிளர் 2. 4:2:0-வில் நிறத் தகவல் 960×540 தான், அதனால்தான் ஓரம் படிக்கட்டாக வெட்டும். ப்ரீ பிளர் நிறத்தை மட்டும் மென்மையாக்கும், வெளிச்ச விவரத்தைத் தொடாது.

ஜிமிக்கி காதுக்குக் கீழே தனியாகத் தொங்கினால் -14 அதை விழுங்கிவிடும். அதற்குச் சின்ன மாஸ்க் (கையால் வரையும் எல்லை) வரைந்து, அசைவோடு நகரும்படி டிராக் செய்து, கோர் மேட்டோடு சேர்க்க வேண்டும். தங்க நிறத்தில் பச்சை பிரதிபலித்தால் வேறு வழியில்லை.

பதில் 2:
இடது மூலைக்கு கார்பேஜ் மேட் (நீக்க வேண்டிய பகுதியைக் குறிப்பது). அங்கே வெள்ளை என்றால் 'நீக்கு' என்று பொருள். பெண்ணைச் சுற்றி மாஸ்க் வரைந்தால் இன்வர்ட் செய்துதான் கொடுக்க வேண்டும். கை அந்த இருட்டுக்குள் போனால் இது போதாது: திரையின் சுத்தமான பச்சையில் ஐந்தாறு டிராக்கர் வைத்து, கீயிங் ஸ்கிரீன் நோட்டை கீ கலரில் இணையுங்கள். இடத்துக்கு இடம் மாறும் பச்சையை அதுவே எடுத்துக்கொள்ளும்.

வியூ டிரான்ஸ்ஃபார்மையும் (நிறங்களைத் திரைக்கு மாற்றிக் காட்டும் அமைப்பு) பாருங்கள். 4.0-லிருந்து புதுக் கோப்பில் ஏஜிஎக்ஸ் தான் வரும், காட்சி வெளுத்துத் தெரியும். ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள்.

கேட்டவர்:
டிக்தான் காரணம், கோடு போய்விட்டது. முடியும் திரும்பி வந்தது. இப்போது ஓரம் மட்டும் வானத்தின் முன் மங்கலாக, அழுக்குப் படிந்தாற்போல இருக்கிறது. டெஸ்பில் ஃபேக்டர் (ஓரத்தில் படிந்த பச்சையை நீக்கும் அளவு) 1.

பதில் 1:
டெஸ்பில் பச்சையைக் கழிக்கிறது. எச்டி வீடியோவின் நிறத் தரமான ரெக்.709 கணக்கில் வெளிச்சத்தின் 71.5 சதவீதம் பச்சையில்தான், ஓரம் இருளத்தான் செய்யும். ஃபேக்டரை 0.8-க்கு இறக்குங்கள். பிறகு லைட் ராப் (பின்னணி வெளிச்சம் ஓரத்தில் படிவது போலச் செய்வது): மேட்டை இன்வர்ட் செய்து 15 பிக்சல் பிளர், அதை மூல மேட்டால் பெருக்கினால் ஓரத்தில் மட்டும் உள்பக்கமாக ஒரு பட்டை கிடைக்கும். அந்தப் பட்டையை பிளர் செய்த வானத்தோடு பெருக்கி, ஆல்பா ஓவருக்குப் பிறகு ஸ்கிரீன் மோடில் 0.3 அளவு சேருங்கள்.