மார்பிள் குயின் மணி பிளான்ட்டில் வெண்மை குறைந்து, பழைய இலைகள் பழுப்பாவது ஏன்?

கேள்வி:
வணக்கம். அலமாரியின் மேல் வைத்துக் கீழே தொங்கவிட்டிருக்கும் மார்பிள் குயின் மணி பிளான்ட் பற்றிய சந்தேகம் இது. வெள்ளையும் பச்சையும் கலந்திருந்த கொடியின் நுனியில் இப்போது முழுப் பச்சை இலைகளே விரிகின்றன. கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு வெறுமையாகத் தெரிகிறது. அடியிலுள்ள பழைய இலைகளிலோ வெள்ளைப் பகுதி மட்டும் பழுப்பாகிக் காய்கிறது. மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. உரம் போதவில்லையா, அல்லது ஏதேனும் நோயா?

பதில் 1:
இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன், வெளிச்சம் போதவில்லை. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு என்பதால், முழு இலைக்கும் வேண்டிய உணவைப் பச்சைப் பகுதியே தயாரிக்க வேண்டியிருக்கிறது. மங்கலான இடத்தில் பச்சை மிகுந்த தளிர்களே வேகமாக வளர்ந்து முந்திக்கொள்ளும், தண்டும் வெளிச்சத்தைத் தேடி நீளும். அதோடு, வெளிச்சம் குறையும்போது செடி தண்ணீரை மெதுவாகவே உறிஞ்சும். வழக்கமான அளவு ஊற்றினாலும் ஈரம் தேங்கி, வேர் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்கும்; பழைய இலைகள் பழுப்பாவது இதனால் இருக்கலாம்.

செடியை மெல்லத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் வழுவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவற்றை வெட்டிவிட்டு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெண்ணிறத் துகள்) கலந்த, நீர் எளிதில் வடியும் மண்ணில் நடுங்கள். பிறகு நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். நண்பகல் வெயில் பட்டால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வேர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அழுகிய சிலவற்றை நீக்கிவிட்டேன். வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாகிவிட்ட நுனியில் மீண்டும் வெண்மை வருமா, அல்லது வெட்ட வேண்டுமா?

பதில் 2:
முழுப் பச்சையாகிவிட்ட நுனி பெரும்பாலும் பழையபடி மாறாது, வெட்டுவதே நல்லது. எங்கே வெட்டுவது என்பதை இலையைவிடத் தண்டே தெளிவாகக் காட்டும். தண்டின் மேல் வெண்ணிறக் கோடுகள் நீளவாக்கில் ஓடுவதைக் கவனியுங்கள்; வெள்ளையும் பச்சையும் சேர்ந்து ஓடும் கடைசிக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அங்குள்ள மொட்டிலிருந்து கலப்பு நிறத் தளிர் வர நல்ல வாய்ப்பு உண்டு. முழு வெள்ளைத் தண்டை நம்பி வெட்டாதீர்கள்; அதில் வரும் தளிரால் தனக்கான உணவைத் தயாரித்துக்கொள்ள முடியாது.

வெட்டிய பச்சைத் துண்டை வீசிவிட எனக்கு மனம் வராது. காற்று வேரின் பழுப்பு நிறப் புடைப்பு உள்ள ஒரு கணுவாவது நீரில் மூழ்கும்படி வைத்தால் எளிதில் வேர் பிடிக்கும். செடியில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், சாறு தோலில் பட்டால் எரிச்சல் தரலாம். மென்றால் வாய் எரியும். பூனை, நாய், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பதில் 1:
இன்னொன்றையும் சேர்க்கிறேன். இனி நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விரலை மண்ணுக்குள் 3 சென்டிமீட்டர் வரை விட்டு, அங்கும் காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். உரத்தைப் புதுத் தளிர் விரியும் வரை நிறுத்திவைத்து, அதன் பின்னும் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவே கொடுங்கள். உப்பு சேர்ந்தாலும் இலை ஓரம் இதேபோலப் பழுப்பாகும்.