கூம்ப்ஸ் டெஸ்ட் போட பிளாஸ்டிக் டியூப் சரிப்படுமா?

நைட்டூட்டி:
வேளச்சேரிப் பக்கம் ஒரு சின்ன ரத்த வங்கியில டெக்னீஷியனா இருக்கேன், சேர்ந்து ஏழு மாசம் ஆகுது. இதுவரைக்கும் கண்ணாடி கான் டியூப்தான், அதாவது சின்ன டெஸ்ட் டியூப். போன வாரம் ஸ்டோர்ல இருந்து பாலிஸ்டைரீன் டியூப் ரெண்டு பெட்டி வந்து இறங்கிடுச்சு. அதே 12க்கு 75 மி.மீ. அளவு. "கழுவுற வேலை மிச்சம்தானே"ங்கிறாங்க. நேத்து ராத்திரி அதுல கூம்ப்ஸ் போட்டேன் (சிவப்பணு மேல ஆன்டிபாடி ஒட்டியிருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்; செல் கட்டி சேர்ந்தா பாசிட்டிவ், கலைஞ்சா நெகட்டிவ்). தட்டிப் பார்த்தா அடியில பட்டன் மாதிரி படிஞ்ச செல் கலையாம ஓரமா ஒட்டிக்கிட்டு இழுக்குது. வீக் பாசிட்டிவ்னே எழுதியிருப்பேன். சந்தேகத்துல கண்ணாடியில திரும்பப் போட்டா சுத்தமான நெகட்டிவ். தப்பு டியூப் மேலயா, என் கை மேலயா?

பெரம்பூர் ஆளு:
உங்க கை மேல இல்ல. பிளாஸ்டிக்ல ஸ்டேட்டிக் இருக்கு, செல் சுவத்துல ஒட்டிக்கும். ரத்தம் எடுக்கிற ஈடிடிஏ டியூப் (ரத்தம் உறையாம இருக்க மருந்து போட்டது) பிளாஸ்டிக்கா இருந்தா ஒண்ணும் இல்ல. ரியாக்‌ஷன் பார்க்கிற டியூப்தான் கண்ணாடியா இருக்கணும்.

பழைய டெக்னீஷியன்:
தம்பியோ தங்கச்சியோ, 28 வருஷம் டியூபை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்ச ஆளு சொல்றேன். கண்ணாடின்னா எல்லாமே நல்லதுன்னும் இல்ல. கீறல் விழுந்த டியூப்ல அடியைப் பார்த்தா செல் கட்டி சேர்ற கிளம்பிங் மாதிரியே தெரியும். சோப்பு தங்கினா செல் உடையும். முந்தின டெஸ்ட்டோட சீரம் துளி ஒட்டியிருந்தா டெஸ்ட்டுக்கு ஊத்துற கூம்ப்ஸ் சீரத்தையே அது தின்னுடும், பாசிட்டிவ் ஆளுக்கு நெகட்டிவ் வரும். அதுக்குத்தான் நெகட்டிவ் வந்த ஒவ்வொரு டியூப்லயும் செக் செல் (ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டின செல்) போடச் சொல்றது. நம்ம ஊர் போர் தண்ணியில கழுவிக் காய வெச்சா வெள்ளையா உப்புப் படியும், கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டர்லதான். நான் இருந்த இடத்துல கீறல் டியூபைத் தூக்கிப் போட்டதுக்கே ஸ்டோர்க்காரர் சண்டைக்கு வருவார், அது தனிக் கதை.

சாம்பிள் டியூபையும் கவனிங்க. மஞ்சள் மூடி ஜெல் டியூப் வந்தா வேற எடுத்து அனுப்பச் சொல்லுங்க. டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு சிவப்பு மூடியில எடுத்தா, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற ஹெபாரின் இருக்கிறதால சரியா உறையாம நூல் நூலா ஃபைப்ரின் நிக்கும். அதையும் கிளம்பிங்னு படிச்சிட்டுத் தலையைப் பிச்சிக்கலாம். ஈடிடிஏ கேளுங்க, டைரக்ட் கூம்ப்ஸுக்கும் அதுதான்.

நைட்டூட்டி:
தங்கச்சிதான் சார். ஸ்டோர்ல வாயால சொன்னா கேக்க மாட்டாங்க, எப்படிக் காட்டுறது?

பழைய டெக்னீஷியன்:
தெரிஞ்ச நெகட்டிவ் ஒண்ணு, வீக் பாசிட்டிவ் ஒண்ணு. ரெண்டையும் ரெண்டு வகை டியூப்லயும் போட்டு, எது எதுன்னு சொல்லாம இன்னொருத்தரைப் படிக்கச் சொல்லும்மா. தாள்ல எழுதி இன்சார்ஜ் டாக்டர் மேஜையில வை. புதுசு வாங்கணும்னா நைனியப்ப நாயக்கன் தெருவுல கண்ணாடி டியூப் கிடைக்கும். போறதுக்கு முன்னாடி சென்ட்ரிஃபியூஜ் குழியை அளந்துக்கோ. சிலதுக்கு 10க்கு 75தான் இறங்கும்.

நைட்டூட்டி:
அளந்துட்டேன் சார், 12 இறங்குது. நாளைக்கு டாக்டர் டியூட்டி, டியூப் நாலும் ரெடி.